ஏற்றத்தில் மட்டும் ஏறிய முள்

மொரீஷியஸுக்கு நான் போனது கடல் பார்க்க அல்ல. கான் தெ மாஸ்க் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலை இருக்கிறது. அதன் பாய்லர்களுக்குச் சூடு காட்டும் மீட்டர்களையும் அழுத்தம் காட்டும் மீட்டர்களையும் எங்கள் கோயம்புத்தூர்க் கம்பெனி செய்து அனுப்பியிருந்தது. கரும்பு வெட்டுத் தொடங்குவதற்குள் அவற்றை மாட்டிச் சரிபார்த்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். கம்பெனியில் கப்பலில் வாந்தி எடுக்காத ஆள் யாரும் இல்லை. எடுத்தாலும் வெளியே சொல்லிக்கொள்ளாத ஆள் நான் ஒருவன்தான் என்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

தீவு அப்போது வெள்ளைக்காரர் கையில்தான் இருந்தது. ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் முதல் ஆபீசில் முத்திரை குத்துகிறவர் வரை சுதந்திரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் நாங்கள் சுதந்திரம் என்கிற அந்த வீட்டைக் கட்டிக் குடிபோய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. இவர்கள் இப்போதுதான் மனைக்கு அலைந்துகொண்டிருந்தார்கள்.

போர்ட் லூயியில் என்னை அழைத்துப் போக வந்தவர் ஆறுமுகம். நாற்பத்தைந்து வயது இருக்கும். காக்கிக் கோட்டு, நெற்றியில் சின்னதாய்ச் சந்தனம். கையெடுத்துக் கும்பிட்டு “வணக்கம்” என்றார். நானும் சந்தோஷமாகத் தமிழில் ஆரம்பித்தேன். கப்பலில் பட்ட பாடு, சோறு, தலைசுற்றல் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான், அவர் மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவருக்குத் தெரிந்த தமிழ் உறவுமுறைகள், சாமி பெயர்கள், பண்டிகைச் சமாசாரம், கோயிலில் பாடும் பாட்டுகள் சில, அன்றாடத்துக்குப் பத்திருபது சொற்கள். வீட்டில் பேசுவது கிரியோல். எனக்குத் தெரிந்த ஆங்கிலமோ மீட்டர்க் கேட்லாக்கில் இருக்கிற ஆங்கிலம். மிச்சத்தைக் கைகள் பார்த்துக்கொண்டன. இனி அவர் சொன்னதாக நான் எழுதுவதில் பெரும்பகுதி இப்படி நான் புரிந்துகொண்டதுதான்.

அவருடைய கார் டாக்சிதான் என்றாலும் கல்யாண மாப்பிள்ளைபோல் இருந்தது. நான் அரை டிராயர் போட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்து மாடல். கறுப்பு உடம்பு, யானைக் காதுபோல மட்கார்டு, ஏறி இறங்க நீளமான ஒரு படி. அந்தப் படியைக் கோயில் குத்துவிளக்குமாதிரி துலக்கி வைத்திருந்தார். முன்கதவைத் திறக்கப் போன என் கையை மெல்ல விலக்கிவிட்டுப் பின்கதவைத் திறந்தார். இந்தியாவிலிருந்து வந்திருக்கும் எஞ்சினியர் டிரைவர் பக்கத்தில் உட்காரலாமா என்பது அவர் கேள்வி. நான் எஞ்சினியர் இல்லை, தட்டிக்கொட்டித் தொழில் படித்த ஃபிட்டர் என்று சொல்லிப் பார்த்தேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நானும் அதற்கு மேல் வாதாடவில்லை. பின் சீட்டு மெத்தென்றிருந்தது.

ஊர் தாண்டி மேட்டுப் பாதை தொடங்கியது. இரண்டு பக்கமும் கரும்பு, நடுவில் கறுப்புக் கல் குவியல்கள், எட்டத்தில் கட்டைவிரல்மாதிரி ஒரு மலை. ஆறுமுகம் ஏதோ முணுமுணுத்தார். சற்று நேரத்தில் “மொஞ்ஜே” என்றார். அங்கே கடவுளே என்று சொல்வது அப்படி. எட்டிப் பார்த்தேன். முன்பலகையின் நடுவில் இருந்த ஹீட் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டில் போய்ப் படுத்திருந்தது.

“லோத்தோ ஸோ, மிஸ்ஸே” என்றார். லோத்தோ என்றால் வண்டி, மிஸ்ஸே என்றால் ஐயா. வண்டி சூடாகிவிட்டதாம். அடுத்த வளைவில் ஒரு சீனாக்காரர் கடை. அங்கே நிறுத்திச் சாவியை அணைத்து, கடைக்காரர் பழக்கமாய் எடுத்துப் போட்ட பெஞ்சில் என்னை உட்கார வைத்தார். அரைமணி நேரம் ஆறவிட வேண்டும், அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்று கையால் நடித்துக் காட்டினார். எனக்கா தெரியாது? ஊட்டி மலையில் பஸ் ஏறும்போது எத்தனை முறை கண்டக்டர் கெட்டிலோடு ஓடியிருக்கிறார், நாம் எத்தனை முறை இறங்கிக் காலை உதறியிருக்கிறோம்.

காத்திருந்த நேரத்துக்குக் கடையில் காத்தோ பிமா வாங்கிக் கொடுத்தார். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம், நம் பருப்பு வடைதான். சின்ன உருண்டை. அதை ரொட்டிக்குள் வைத்து வெண்ணெய் தடவித் தின்கிறார்கள். கூடவே வனிலா வாசம் அடிக்கும் டீ. வடைக்கும் வனிலாவுக்கும் என்ன சம்பந்தம் என்று முதல் நாள் முகம் சுளித்தேன். நான்காம் நாள் இரண்டாவது கோப்பை கேட்டேன். அங்கே கிடைத்த காப்பியைப் பற்றி மட்டும் என்னிடம் யாரும் பேசாதீர்கள்.

பக்கத்து பெஞ்சில் இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறுமுகம் எனக்கு மொழிபெயர்த்தார். சுதந்திரம் வந்தால் கொடி மாறும், ராணி படம் மாறும் என்கிறான் ஒருவன். கரும்பு தானாக வெட்டிக்கொள்ளுமா, அதைச் சொல் என்கிறான் மற்றவன். அதைச் சொல்லிவிட்டு ஆறுமுகம் சிரித்தார். தன் அப்பாவும் அப்பாவின் அப்பாவும் கரும்பு வெட்டியவர்கள்தான், இந்த லோத்தோ வந்த பிறகுதான் வீட்டில் ஒருவன் தோட்டத்தை விட்டு வெளியே வந்தான் என்றார். சொல்லும்போது கார் படியைத் தட்டிக் கொடுத்தார்.

அரைமணி கழித்து மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினார். ஒரு கைப்பிடித் தண்ணீர்கூடப் பிடிக்கவில்லை. அது என் கண்ணில் பட்டது, மண்டையில் படவில்லை. மறுபடி கிளம்பினோம். முள் நடுவிலேயே நின்றது, மீதி ஏற்றமும் ஏறிவிட்டோம்.

ஆலையில் எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். பாய்லர் வேலைக்குத் துணையாக லூயி என்ற கிழவர். அவர் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் குழாய்மேல் ஒரு துணியைப் போட்டு உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகுதான் முள்ளைப் பார்ப்பார். நான் அவரைக் கடிந்துகொண்டேன். கை பொய் சொல்லும், முள் பொய் சொல்லாது என்பது என் இருபத்தைந்து வருஷத்துப் பாடம். லூயி “வி, மிஸ்ஸே” என்று ஒப்புக்கொண்டுவிட்டு, நான் திரும்பியதும் கையை வைத்துப் பார்ப்பார்.

என் பெட்டிகளில் பாதி துறைமுகத்தில் மாட்டிக்கொண்டன. ஒரு காகிதத்தில் ஒரு கையெழுத்து இல்லை. அது கிடைத்தபோது இன்னொரு காகிதம் காணவில்லை. இதில் மட்டும் ஊருக்கும் தீவுக்கும் வித்தியாசமே இல்லை. ஆகவே நான்காம் நாள் மறுபடி துறைமுகம், ஏழாம் நாள் மறுபடி. போகும்போது ஓர் ஏற்றம், திரும்பும்போது ஓர் ஏற்றம். இரண்டிலும் முள் சிவப்புக்குப் போனது, இரண்டிலும் ஒரு சீனாக்காரர் கடை, அரைமணி பெஞ்சு. சமவெளியில் எத்தனை மைல் ஓடினாலும் முள் அசையாது. பிளாக் என்ற ஊரில் ஒரு மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தார், ஃபேன் பெல்ட்டை மாற்றினார். ஏற்றம் வந்தால் பழைய கதைதான்.

ஏழாம் நாள் ஆறுமுகம் என்னிடம் நேராகக் கேட்டார். அதற்குள் மிஸ்ஸே போய் அண்ணே ஆகியிருந்தேன். “அண்ணே, நீங்க முள்ளு வேலை. பார்த்துச் சொல்லுங்க.”

பெருமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? பானெட்டைத் திறந்து பார்த்தேன். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். இந்த வருஷம் காவடி முடிந்த பிறகுதான் என்றார். அங்கே தைப்பூசத்தைக் காவடி என்றுதான் சொல்கிறார்கள். மீட்டர் வண்டியோடு வந்ததா என்றேன். இல்லை, பழையது செத்துப்போய், உடைத்துப் போட்ட ஒரு கரும்பு லாரியிலிருந்து எடுத்து மாட்டியது, ஆறு வருஷமாக நன்றாகவே வேலை செய்கிறது என்றார். குழாயில் ஒழுக்கு இல்லை. பெல்ட் புதிது. ரேடியேட்டர் சுத்தம். அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான் என்று முடிவு கட்டினேன். எஞ்சின் தலையில் நூல் விரிசல், பாரம் ஏறினால் மட்டும் வாய் திறக்கிறது. ஊட்டி பஸ்களில் நான் பார்க்காததா?

சொல்லியும்விட்டேன். இனி இதை ஓட்டினால் ஒரு நாள் ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் வெடித்துப் பிளந்துவிடும், ஆட்களை ஏற்றக்கூடாது என்றேன். வேறு தலை கிடைக்குமா என்றார். இந்த மாடலுக்கு இங்கிலாந்திலேயே கிடைக்காது என்றேன். அவர் பானெட்டை மெதுவாக மூடினார். தூங்குகிற குழந்தை அறைக் கதவைச் சாத்துகிறமாதிரி சத்தமில்லாமல் சாத்தினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு. தகர வீடு, வாசலில் சிவப்புக் கொடி கட்டிய மூங்கில், உள்ளே காலால் மிதிக்கும் தையல் மிஷின். அவர் மனைவி சரோஜா அந்த மிஷினில் ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறவர். வாழையிலையில் ஏழு கறி வைத்திருந்தார். கோயிலில் விசேஷத்துக்கு வைக்கும் கணக்காம் அது. பலாக்காய், பூசணி, வாழைக்காய் எல்லாம் நம் கை மணம்தான். ஒரு கிண்ணத்தில் முருங்கைக்கீரைத் தண்ணீர்ச் சாறு. அதற்குப் பெயர் புய்யோன் முரும். நம் முருங்கை கடல் தாண்டிப் போய் வேறு பெயர் வைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறது.

சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் சரோஜா செய்தியைச் சொன்னார். நான் சொன்னபடியே காரைக் கொடுத்துவிடப் போகிறார்களாம். துறைமுகத்துப் பக்கம் பழைய வண்டிகளை உடைக்கிற ஓர் ஆள் இருக்கிறார், பேசியாகிவிட்டது. என்னை மெதுவாக ஓட்டிக் கப்பலுக்குக் கொண்டுபோய் விடுவதுதான் கடைசி ஓட்டம், அதை மட்டும் நானே வேண்டாமென்றாலும் விடமாட்டாராம். அதை முடித்து அங்கேயே வண்டியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வருவார். அதற்கடுத்த திங்கட்கிழமை முதல் கரும்புத் தோட்டம். சர்தாரிடம், அதாவது தோட்டத்து மேஸ்திரியிடம், பெயர் கொடுத்தாகிவிட்டது.

“அண்ணே சொன்னா சரி” என்றார் சரோஜா. குறையாகச் சொல்லவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. இன்னொரு அப்பளம் வைத்தார். ஆறுமுகம் தலை குனிந்து ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. ஆனாலும் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். முள்ளை என் கண்ணால் பார்த்திருக்கிறேனே.

என் வேலை முடிந்தது. லூயி விடைபெறும்போது என் கையைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துச் சற்று நேரம் பிடித்துக்கொண்டார். எவ்வளவு சூடு என்று பார்த்தாரோ என்னவோ.

கப்பல் மாலை நான்கு மணிக்கு. காலையிலேயே கிளம்பினோம். கிளம்புவதற்குள் பெரிய சங்கடம். ஆலையில் எனக்கு அன்பாகக் கொடுத்த சாமான்கள் வண்டி கொள்ளவில்லை. அன்னாசிப் பழங்கள், ஊறுகாய் ஜாடிகள், இரண்டு கட்டுக் கரும்பு, ஆபீசார் கொடுத்த பழக்கூடை. அந்தக் கூடையை மஞ்சள் கண்ணாடிக் காகிதத்தில் மணப்பெண்மாதிரி சுற்றியிருந்தார்கள். பின்பெட்டியில் என் ஆயுதப் பெட்டி. பின் சீட்டு முழுக்க அன்னாசியும் ஊறுகாயும். எஞ்சினியர் உட்கார இடம் இல்லை. வேறு வழியில்லாமல் ஆறுமுகம் முன்கதவைத் திறந்தார்.

இருபத்திரண்டு நாளில் முதல்முறையாக அந்தக் காரில் முன்னால் உட்கார்ந்தேன். காலை நீட்டியபோது சீட்டுக்கு அடியில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தேன். செய்தித்தாள் சுற்றிய நீளமான பொருள். காகித நுனி கிழிந்து பளபளவென்று இரும்பு தெரிந்தது. கரும்பு வெட்டும் கத்தி, புதிது. அவர் பார்த்தார், நான் பார்த்தேன். இருபத்திரண்டு நாளும் நான் தின்ற வடையெல்லாம் நெஞ்சில் வந்து நின்றது.

ஏற்றத்தின் அடிவாரத்தில், கரும்புக்கு நடுவே ஒரு சின்னக் காளியம்மன் மேடை உண்டு. அங்கே ஆறுமுகம் வேகத்தைக் குறைத்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே வலது மூலையில் ஒரு சிறிய மரக்கூடு, அதற்குள் முருகன் படம், படத்துக்கு மேல் ஒரு பட்டாணி பல்பு. பின்னால் இருந்து பார்த்தால் அவர் உடம்பு மறைக்கும், நான் அதுவரை அதைக் கண்டதே இல்லை. அவர் ஒரு சின்ன ஸ்விட்சைத் தட்டி, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “முருகா” என்றார். பல்பு அழுகிற கண்மாதிரி மங்கலாக எரிந்தது.

அதே நொடியில் ஹீட் மீட்டரின் முள் நடுவிலிருந்து எழுந்து சிவப்பில் போய் விழுந்தது.

நான் அசையவில்லை. இருபத்தைந்து வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். எந்தத் தண்ணீரும் ஒரு நொடியில் கொதித்து நான் பார்த்ததில்லை. பின் சீட்டிலிருந்து நான் எட்டிப் பார்த்தபோதெல்லாம் முள் ஏற்கெனவே சிவப்பில் இருந்தது. அது ஏறுவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

“நிறுத்துங்க ஆறுமுகம்” என்றேன்.

கடைக்குப் போய் நிறுத்தலாமே என்றார். இங்கேயே என்றேன். இறங்கி, அவர் கையை நீட்டித் தடுக்கத் தடுக்க, சாக்குத் துணியை நனைத்து ரேடியேட்டர் மூடிமேல் போட்டேன். முதலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். லூயி பார்த்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். ஆறுமுகம் பத்தடி பின்னால் போய் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். சீற்றம் இல்லை, ஆவி பீறிடவில்லை. தண்ணீர் குளத்துத் தண்ணீர்மாதிரி அமைதியாக இருந்தது. என் கைப்பையில் எப்போதும் இருக்கும் பாதரச தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். கொதிநிலைக்கு எவ்வளவோ கீழே. அந்தச் சூட்டில் ஒரு நல்ல டீகூடப் போட முடியாது.

அரைமணி ஆறவிட்டு மூடியைத் திறக்கிற அவருடைய ஜாக்கிரதையால்தான் தண்ணீர் கொதிக்கவே இல்லை என்பது யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது. நிறுத்தினால் சாவியை அணைப்பார், விளக்கும் அணையும். எஞ்சினில் கை வைத்த அழுக்கோடு சாமி விளக்கைத் தொடக்கூடாது என்று, இறங்கும் முன்பே ஸ்விட்சையும் அணைத்துவிடுவார். மறுபடி கிளம்பும்போது போடமாட்டார். ஓர் ஏற்றத்துக்கு ஒரு தடவைதான் கேட்க வேண்டும், இரண்டு தடவை கேட்டால் சாமியை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். ஆகவே மீதி ஏற்றத்தில் முள் நடுவில் நிற்கும். மெக்கானிக்கின் பட்டறையில் யாரும் சாமி விளக்கைப் போடுவதில்லை.

விளக்கை எப்போது மாட்டினீர்கள் என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். காவடியின்போது, பத்து நாள் விரதம் இருந்து, அவரே தன் கையால் மாட்டியது.

பலகைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். ஹீட் மீட்டருக்கு இரண்டு முனை. ஒன்றில், சாவியைத் திருப்பினால் பாட்டரியிலிருந்து மின்சாரம் வரும். மற்றதிலிருந்து ஓர் ஒயர் எஞ்சினில் தண்ணீருக்குள் இருக்கும் குமிழுக்குப் போகும். தண்ணீர் சூடாகச் சூடாகக் குமிழ் அதிக மின்சாரத்தை விடும், முள் ஏறும். ஆறுமுகம் விளக்கை மாட்டியிருந்தது இந்த இரண்டாவது முனையில். விளக்கு இழுக்கிற மின்சாரமும் மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். மீட்டருக்கு என்ன தெரியும், பாவம், தண்ணீர் கொதிக்கிறது என்று நினைத்துக்கொள்ளும்.

ஏன் அந்த முனையில் மாட்டினீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சாவியை எடுத்ததும் அணைகிற ஓர் இடம் வேண்டுமென்று தேடினாராம், அப்போதுதான் மறந்தாலும் பாட்டரி தீராது. இரண்டு முனையிலும் ஒயரை வைத்துப் பார்த்தார். ஒன்றில் பல்பு கடை விளக்குமாதிரி கண்ணைக் குத்தியது. மற்றதில் எண்ணெய் விளக்குமாதிரி மெல்ல எரிந்தது. சாமிக்கு எண்ணெய் விளக்குத்தானே அழகு? அதனால் அந்த முனை.

நடந்ததைக் கையாலும் வாயாலும் விளக்கினேன். அவர் முகம் வெளுத்தது. பயந்தது காரைப் பற்றி இல்லை. “அண்ணே, சாமி வெளக்கு தப்பா?” என்றார்.

“விளக்கு தப்பில்லீங்க. மாட்டின இடந்தான் தப்பு” என்றேன்.

ஸ்விட்சைப் போட்டுக் காட்டினேன், முள் ஏறியது. ஒயரைப் பிடுங்கினேன், முள் இறங்கியது. அவரையே செய்யச் சொன்னேன். ஐந்தாறு தடவை செய்தார். ஏற்றினார், இறக்கினார். பிறகு வண்டிப் படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கரும்புக்குள் காற்று சலசலத்துக்கொண்டிருந்தது.

“தப்பு என்னுதுங்க ஆறுமுகம். பின்னால உக்காந்துட்டே எல்லாந் தெரிஞ்ச மாதிரி சொல்லிப்போட்டேன்” என்றேன். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “ஒங்களைப் பின்னால ஒக்காரவெச்சது நாந்தானே அண்ணே.”

ஒயரை அடுத்த முனைக்கு மாற்ற வேண்டும். நுனியைச் சீவக் கத்தி வேண்டும். என் ஆயுதப் பெட்டி பின்பெட்டியில், கரும்புக் கட்டுக்கு அடியில். ஆறுமுகம் ஒரு கணம் யோசித்தார். சீட்டுக்கு அடியில் கையை விட்டு அந்தப் புதுக் கத்தியை உருவிக் காகிதத்தைக் கிழித்து எறிந்தார். பட்டாணி பல்பின் ஒயரைச் சீவ முழநீளக் கத்தி. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சீவினோம். என் கட்டைவிரலில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

இப்போது பல்பு பளீரென்று எரிந்தது. முருகன் படத்தில் மயிலின் கண்கூடத் தெரிந்தது. முள் நடுவில் அப்படியே நின்றது. ஆனால் ஆறுமுகத்துக்கு மனம் ஒப்பவில்லை, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றார். பழக்கூடையிலிருந்து மஞ்சள் கண்ணாடிக் காகிதத்தை ஒரு துண்டு கிழித்துப் பல்பைச் சுற்றி நூலால் கட்டினேன். கூட்டுக்குள் நெய் விளக்கு ஏற்றியமாதிரி ஆகிவிட்டது. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலை நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

விளக்கு எரிய எரிய ஏறினோம். ஆறுமுகத்தின் ஒரு கண் ரோட்டில், ஒரு கண் முள்ளில். என் இரண்டு கண்ணும் முள்ளில். இந்தப் பக்கத்து ஏற்றத்துச் சீனாக்காரர் கடை வந்தது. கடைக்காரர் வண்டிச் சத்தம் கேட்டுப் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் நிற்காமல் ஹார்ன் அடித்துக்கொண்டே போனோம். அவர் பெஞ்சைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். உச்சியில் வண்டி நிமிர்ந்து, தூரத்தில் கடலும் கப்பல்களும் தெரிந்தபோது ஆறுமுகம் கோயில் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். அர்த்தம் பாதி தெரியாமல் பாடுகிறார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தப் பாட்டில் ஒரு குறையும் இல்லை.

துறைமுகத்துக்கு முன்னால் உடைக்கிற ஆளின் கொட்டகை. அவர் வாசலிலேயே காத்திருந்தார். கொடுத்த வாக்கு இருக்கிறதே. நான் இறங்கிப் போய், இது என் தப்பு, வண்டி நன்றாக இருக்கிறது என்று என் கேட்லாக் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் ஆறுமுகம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

“பா பு வான்” என்றார். விற்பதற்கு இல்லை என்று அர்த்தம்.

அந்த ஆள் காரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. என் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது.

கப்பல் ஏணி வரை வந்து சாமான்களை ஏற்றிக் கொடுத்தார். கடைசியாகக் கத்தியைத் தந்தார். புதுச் செய்தித்தாள் எங்கே பிடித்தாரோ, அழகாகச் சுற்றியிருந்தது. திங்கட்கிழமை சர்தார் தேடமாட்டாரா என்றேன். தேடட்டும், லோத்தோவில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். பிறகு தமிழில், “அண்ணே, இது நம்ம வீட்ல வேணாம். ஒங்க வீட்டுக்குக் கொண்டு போங்க” என்றார்.

கோயம்புத்தூர் வந்து சேர்ந்து இவ்வளவு நாள் ஆகிறது. ஆலையில் மீட்டர் மாட்டப் போனால் இப்போதெல்லாம் முதலில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன், பையன்கள் சிரிக்கிறார்கள். கத்தி எங்கள் சமையற்கட்டில் ஆணியில் தொங்குகிறது. என் மனைவி அதன் முதுகால் தேங்காய் உடைக்கிறாள், பலாப்பழம் பிளக்கிறாள், இவ்வளவு நீளமான கத்தியை எந்த மடையன் வீட்டுக்குக் கொண்டுவருவான் என்று திட்டுகிறாள். இன்றுவரை அது ஒரு கரும்பைக்கூட வெட்டியதில்லை.